சிறப்புக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: எழுதுவது எவ்வாறு?

தேர்வு எழுதிப் பழகிய மாணாக்கனுக்குத் தன்னைப் பற்றித் தானே எழுதும் கட்டுரையைப் போலக் கடினமானது வேறொன்று இல்லை. கம்பரின் உவமை நயம் பற்றி நான்கு பக்கம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவான். தோட்டப்புறப் பொருளாதாரம் பற்றி எழுதச் சொன்னாலும் தயங்கமாட்டான். ஆனால், “உன் சிந்தனையைத் தூண்டிய வினா எது? அதை நீ எவ்வாறு பின்தொடர்ந்தாய்? எங்கள் திட்டத்தில் ஏன் சேர விரும்புகிறாய்?” என்று கேட்டால் எழுதுகோல் நின்றுவிடுகிறது. கையில் கிடைப்பவை சான்றிதழ்களும் பதவிப் பெயர்களுமே. அவற்றை வரிசையாக அடுக்கிக் கட்டுரை என்று அனுப்பிவிடுகிறான்.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் சிறப்புக் கல்லூரிகளில் இடம் நாடுவோரிடம் கேட்கப்படும் வினாக்கள் பெரும்பாலும் இத்தகையவை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாணாக்கர் பலர் மேற்படிப்புக்காக அந்நாடு செல்கின்றனர். அவர்களுள் தமிழ் மாணாக்கரும் உண்டு. கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்படுவதாயினும், “இதைச் சற்றுப் பார்த்துக் கொடுங்கள், ஐயா” என்று தமிழாசிரியரை நாடி வருவோர் இல்லாமல் இல்லை. கட்டுரைக் கலையை அவர்களுக்கு முதலில் ஊட்டியவர் அவரே அன்றோ? ஆகவே இக்கட்டுரையின் இயல்பையும் இலக்கணத்தையும் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நன்று.

சிறப்புப் பட்டமும் சிறப்புத் திட்டமும்

முதலில் ஒரு சொல் மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ‘ஆனர்ஸ்’ என்றவுடன் மலேசிய, சிங்கப்பூர் வாசகர் நினைவுக்கு வருவது பிரிட்டிஷ் முறைப் பட்டம். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேல்நிலை என்றெல்லாம் தரம் பிரித்து, படிப்பின் முடிவில் வழங்கப்படுவது அது. அமெரிக்காவில் ‘ஆனர்ஸ் புரோகிராம்’ அல்லது ‘ஆனர்ஸ் காலேஜ்’ என்பது வேறு. அது பல்லாயிரம் பேர் பயிலும் ஒரு பல்கலைக் கழகத்திற்குள்ளேயே அமைந்த சிறியதொரு கல்விக் குழாம். அதில் சேர்பவர் பதினைந்து, இருபது பேர் கொண்ட கருத்தரங்கு வகுப்புகளில் பயில்வர். பேராசிரியருடன் நேருக்கு நேர் வாதிடுவர். பெரும்பாலான திட்டங்களில் இறுதியாண்டில் ஓர் ஆய்வேடும் எழுதுவர். பிரிட்டிஷ் முறையில் சிறப்பு என்பது முடிவில் பெறும் தரம். அமெரிக்க முறையில் அது தொடக்கத்திலேயே மேற்கொள்ளும் பயிற்சி.

இரண்டிற்கும் உறவு இல்லாமலும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக் கழகம் 1800ஆம் ஆண்டில் தன் தேர்வு விதிகளைத் திருத்தியமைத்துச் சிறப்புத் தேர்வு முறைக்கு வழி வகுத்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிராங்க் எய்டலட் என்னும் இளைஞர் ரோட்ஸ் உதவிச் சம்பளம் பெற்று 1905இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே மாணாக்கன் தானே படித்து, தானே எழுதி, ஆசிரியர் முன் அமர்ந்து தன் கருத்தை நிலைநாட்டும் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நாடு திரும்பியபின் இந்தியானாப் பல்கலைக் கழகத்திலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் ஆங்கிலம் கற்பித்தார். 1921இல் பென்சில்வேனியா மாநிலத்தின் சுவார்த்மோர் கல்லூரிக்குத் தலைவரானார். மறு ஆண்டே, அதாவது 1922இல், அங்கே சிறப்புத் திட்டத்தைத் தொடங்கினார். இறுதி இரண்டு ஆண்டுகளில் மாணாக்கர் சிறு கருத்தரங்குகளில் பயின்று, முடிவில் வேறு கல்வி நிலையங்களிலிருந்து வரும் வெளித்தேர்வாளர் முன் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் தருவது அதன் சிறப்பியல்பு.

எல்லா மாணாக்கரையும் ஒரே அடியெடுப்பில் அணிவகுத்து நடத்தும் கல்வியை எய்டலட் மறுத்தார். 1944இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே, அந்தப் படைவீரர் நடையை உடைத்தல் என்னும் பொருள் தருவது. அவர் மூட்டிய பொறி பல இடங்களுக்கும் பரவியது. டெக்சஸ் பல்கலைக் கழகத்தின் ‘பிளான் டூ’ திட்டம் 1935இல் பிறந்தது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் துணைக்கோளை ஏவியபின், திறமை மிக்க மாணாக்கரைத் தேடி வளர்க்கும் வேகம் அமெரிக்காவில் மிகுந்தது. ஓரிகன் பல்கலைக் கழகத்தின் சிறப்புக் கல்லூரி 1960இல் தோன்றியது. இத்திட்டங்களுக்கான தேசிய மன்றம் 1966இல் அமைந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக் கழகம் 1988இல் தன் சிறப்புக் கல்லூரியை நிறுவியது. ஆசியாவிலும் இக்கருத்து வேரூன்றியுள்ளது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகம் 2022இல் தொடங்கிய ‘என்யுஎஸ் கல்லூரி’ இவ்வகைச் சிறப்புக் கல்லூரியே.

இவ்வரலாற்றை அறிவதால் பயன் என்ன? கட்டுரையில் என்ன தேடப்படுகிறது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. சொல்லிக் கொடுத்ததைத் திரும்பச் சொல்வோருக்காக ஏற்பட்ட திட்டம் அன்று இது. தானே வினா எழுப்பி, தானே தேடி, தன் முடிவைப் பிறர் முன் வைத்து வாதிடக் கூடியவருக்காக ஏற்பட்டது. எனவே, விண்ணப்பக் கட்டுரையைப் படிப்பவர் உள்ளத்தில் நிற்கும் கேள்வி ஒன்றே: “இவரைப் பதினைந்து பேர் அமர்ந்த மேசையின் முன் உட்கார வைத்தால் என்ன நிகழும்?”

மதிப்பெண் சொல்லாதது

விண்ணப்பத்துடன் மதிப்பெண் பட்டியல் செல்கிறது. ஆசிரியர் பரிந்துரை செல்கிறது. கலந்துகொண்ட போட்டிகள், வகித்த பொறுப்புகள் யாவும் தனித்தாளில் செல்கின்றன. சிறப்புத் திட்டத்தை நாடி வருவோரில் மதிப்பெண் குறைந்தவர் அரியர். ஏறத்தாழ ஒரே தரமுள்ள நூறு பட்டியல்களை அடுத்தடுத்துப் பார்க்கும் தேர்வுக் குழுவினருக்கு மாணாக்கரின் குரல் கேட்கும் இடம் கட்டுரை ஒன்றுதான். அந்த இடத்திலும் பட்டியலையே மீண்டும் படித்துக் காட்டினால், கிடைத்த வாய்ப்பை வீணாக்கியதாகும்.

அளவும் சிறிது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவாக, 1975இல் ஏற்பட்ட ‘காமன் அப்ளிகேஷன்’ என்னும் பொது விண்ணப்பத்தின் கட்டுரை 250 முதல் 650 சொற்களுக்குள் அடங்க வேண்டும். சிறப்புத் திட்டங்கள் இதற்கு மேலும் தனிக் கட்டுரைகள் கேட்பதுண்டு. பொதுக் கட்டுரை மாணாக்கரின் வாழ்வையும் பண்பையும் காட்டுவது. சிறப்புத் திட்டக் கட்டுரையோ அவருடைய அறிவு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டுவது. முன்னதற்கு எழுதியதைச் சிறிது மாற்றிப் பின்னதற்கு அனுப்புவோர் உளர். இரண்டையும் ஒருவரே படிக்க நேரலாம் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

தற்புகழ்ச்சி தகுமா?

தமிழ் மாணாக்கரைத் தடுத்து நிறுத்தும் மற்றொரு தயக்கம் உண்டு. “என்னைப் பற்றி நானே பெருமை பேசலாமா?” என்பதே அது. அடக்கம் கற்பிக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இஃது இயல்பு. இத்தயக்கத்தால் சிலர் தாம் செய்ததையே சொல்லாமல் விடுகின்றனர். வேறு சிலர் கூச்சத்தை உதறுவதாக எண்ணி, வெற்று ஆரவாரத்தில் இறங்கிவிடுகின்றனர்.

தமிழாசிரியர் இங்கே பவணந்தியாரைத் துணைக்கழைக்கலாம். சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க அவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி இச்சிக்கலை நேராகவே எடுத்துப் பேசுகிறது. எத்தனை துறைகளில் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது பொது விதி. அதனை அடுத்து நான்கு விலக்குகளும் கூறப்படுகின்றன. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து.

விண்ணப்பக் கட்டுரை முதல் இரண்டு விலக்குகளிலும் அடங்குகிறது. அது தகுதி உடையாரை ஆராயும் அவைக்கு விடுக்கும் ஓலை. அதைப் படிப்பவரோ பல்லாயிரம் கல் தொலைவில் இருப்பவர். மாணாக்கரின் ஆற்றலை அறியாதவர். எனவே தன் ஆற்றலை எடுத்துரைத்தல் இங்கே குற்றமாகாது. சொல்லாமல் விடுவதுதான் குறை. ஆயினும் விலக்கு அளித்தது ஆற்றலைச் சொல்வதற்கே அன்றி, இல்லாததைச் சொல்வதற்கு அன்று என்பதையும் உடன் உணர்த்துதல் வேண்டும். ஆற்றலைச் சொல்லும் வழியும் புகழ்ச்சொற்களை அடுக்குவதன்று. செய்ததைச் செய்தவாறு சொன்னாலே போதும்.

இரண்டு கட்டுரைகள்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாவரவியல் பயில விரும்பும் மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்ளலாம். அவள் எழுதும் முதற்படி பின்வருமாறு தொடங்கக்கூடும்:

“சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தணியாத ஆர்வம் உண்டு. பள்ளி அறிவியற் கழகத் தலைவியாகப் பணியாற்றித் தலைமைப் பண்பை வளர்த்துக் கொண்டேன். விடாமுயற்சியே வெற்றிக்கு வழி என்பதை உணர்ந்தேன். உலகப் புகழ் பெற்ற தங்கள் கல்லூரியில் பயின்று மனித குலத்துக்குத் தொண்டாற்ற விழைகிறேன்.”

இதில் இலக்கணப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. ஆயினும் இதை எவரும் எழுதியிருக்கலாம். பெயரை மாற்றினால் பொறியியல் மாணவனுக்கும் பொருந்தும்; ஊரை மாற்றினால் எந்த நாட்டவருக்கும் பொருந்தும். எவருக்கும் பொருந்தும் கட்டுரை எவரையும் அடையாளம் காட்டாது.

அதே மாணவியிடம் ஆசிரியர், “தாவரங்களைப் பற்றி உனக்கு முதலில் எழுந்த கேள்வி என்ன?” என்று கேட்கிறார். அவள் சிறிது யோசித்து, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறாள். பாட்டி விடியுமுன்னே மரம் வெட்டப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் இறங்காது என்பார். ஏன் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நாற்பது ஆண்டு கண்ட உண்மை அது, அவ்வளவுதான். மேல்நிலைப் பள்ளியில் தாவரங்களின் நீரோட்டம் பற்றிப் படித்தபோது பேத்திக்கு அது நினைவுக்கு வந்தது. இரவில் மரத்தின் திசுக்களில் நீர் நிறைந்து அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றும், அழுத்தம் குறையும், பாலும் குறையும்.

கதை இத்துடன் முடிந்தால் அது பாடநூல் விளக்கம் மட்டுமே. “பிறகு நீ என்ன செய்தாய்?” என்று ஆசிரியர் மீண்டும் கேட்கிறார். பள்ளி விடுமுறையில் மாமாவின் சிறு தோட்டத்தில் நான்கு மரங்களைக் குறித்துக் கொண்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் அம்மரங்களை, ஒரு முறை விடியலிலும் மறுமுறை காலை பத்து மணிக்கும் வெட்டச் செய்து பாலை அளந்தாள். எதிர்பார்த்தபடியே பத்து மணிப் பால் குறைந்தது. ஆனால் மந்தாரமான ஒரு நாளில் மட்டும் குறைவு மிகச் சிறிதாக இருந்தது. அளந்ததில் தவறு என்று முதலில் எண்ணினாள். அந்தக் கணக்கை நீக்கிவிடவும் நினைத்தாள். நீக்காமல் மீண்டும் யோசித்தபோதுதான், தான் மணியை அளந்தாளேயன்றி வெயிலையும் காற்றின் ஈரத்தையும் அளக்கவில்லை என்பது புலப்பட்டது. பாலைக் குறைப்பது ஒளியா, வெப்பமா, காற்றின் வறட்சியா? நான்கு மரங்களையும் ஒரு விடுமுறையையும் கொண்டு அதற்கு விடை காண முடியவில்லை. ஓராண்டு முழுவதும் ஒரே வினாவில் உழைத்து ஆய்வேடு எழுத இடமளிக்கும் திட்டத்தை அவள் நாடுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது கட்டுரையில் ‘ஆர்வம்’ என்ற சொல்லே தேவையில்லை. ‘விடாமுயற்சி’ என்ற சொல்லும் தேவையில்லை. படிப்பவர் அவற்றைத் தாமே கண்டுகொள்வார். ஒவ்வாத கணக்கை நீக்க நினைத்ததை அவள் மறைக்காமல் சொல்கிறாள். அதனாலேயே அவள் நேர்மையில் நம்பிக்கை பிறக்கிறது. முடிவில் வைக்கும் காரணமும் அவள் வினாவிலிருந்தே வளர்கிறது. கருத்தரங்கு மேசையில் அமரும் மற்றவர்களுக்கு இவளால் பயன் உண்டு என்று தேர்வாளர் எண்ண இடமுண்டு. பாட்டி இங்கே இரக்கம் தேடுவதற்காக வரவில்லை என்பதும் கருதத் தக்கது. வினா அவரிடமிருந்து பிறந்தது, ஆகவே வருகிறார்.

இத்தகைய பொருள் அறிவியல் மாணாக்கருக்கு மட்டுமே உரியதன்று. ஒரே சொல்லுக்குத் தாய் ஒரு பொருளும் பள்ளி நண்பர்கள் வேறு பொருளும் கொள்வதைக் கவனித்தவனிடம் மொழியியல் கட்டுரை இருக்கிறது. குடும்பக் கடையின் கணக்கேட்டில் எந்த மாதம் கடன் மிகுகிறது என்று ஆராய்ந்தவளிடம் பொருளியல் கட்டுரை இருக்கிறது. பெரிய சாதனை வேண்டியதில்லை. உண்மையாகவே எழுந்த வினாவும், அதைத் தொடர்ந்து சென்ற உழைப்பும் வேண்டும்.

தவிர்க்க வேண்டிய குற்றங்கள்

நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களுள் சில, இச்சிறு கட்டுரைக்கும் அப்படியே பொருந்துகின்றன. மதிப்பெண் தாளில் உள்ளதையும் பொதுக் கட்டுரையில் எழுதியதையும் மீண்டும் எழுதுவது கூறியது கூறல். வினா ஒன்றிருக்க, தனக்கு எளிதாக வருவதை விரித்துரைப்பது மற்றொன்று விரித்தல். “உன் கருத்து மாறிய ஒரு நிகழ்ச்சியைக் கூறு” என்று கேட்டால், கருத்து மாறாமல் வென்ற போட்டியைப் பற்றி எழுதுவோர் பலர். பொருளின்றிச் சொல்லை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். அகராதியைப் புரட்டிப் பெருஞ்சொற்களைப் பொறுக்கிச் சேர்ப்பதும், பெரியோர் பொன்மொழியுடன் தொடங்குவதும் பெரும்பாலும் இதிலேயே முடிகின்றன. எடுப்பாகத் தொடங்கி, முடிவில் “ஆகவே எனக்கு வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்” என்று மெலிந்து முடிவது சென்று தேய்ந்திறுதல்.

இக்காலத்துக்கே உரிய குற்றம் ஒன்றும் உண்டு. பணம் பெற்று எழுதித் தருவோர் முன்பே இருந்தனர். இன்று கணினிச் செயலிகள் நொடிப்பொழுதில் எழுதித் தருகின்றன. அக்கட்டுரைகள் வழுவழுப்பாக இருக்கும். பாட்டியோ, நான்கு மரங்களோ, மந்தாரமான அந்த ஒரு நாளோ மாணவி சொன்னாலன்றி அவற்றில் தாமே வாரா. அவளுடையதல்லாத எழுத்தால் இடம் கிடைத்தாலும், முதல் கருத்தரங்கிலேயே அவள் தன் சொந்தக் குரலில் பேச வேண்டியிருக்கும். அப்போது துணைக்கு எவரும் வரமாட்டார்.

திட்டத்தைப் பற்றி எழுதும் பகுதியிலும் கவனம் தேவை. “புகழ் பெற்ற”, “தரம் மிக்க” என்னும் அடைமொழிகள் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். அத்திட்டத்தின் பாட அமைப்பை ஊன்றிப் படித்து, அதிலுள்ள எந்தக் கருத்தரங்கு, எந்த ஆய்வு வசதி தன் வினாவுக்கு உதவும் என்று குறித்து எழுதினால்தான் அது விடையாகும். அப்படி எழுத ஒன்றும் அகப்படவில்லையானால், அத்திட்டம் தனக்கு ஏற்றதுதானா என்று மாணாக்கர் மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆசிரியர் செய்யத் தக்கது

நல்ல கட்டுரை ஒரே இரவில் உருவாவதில்லை. காலக்கெடுவுக்கு ஆறு, ஏழு வாரம் முன்பே தொடங்குதல் நலம். முதல் வாரத்தில் எழுத வேண்டாம். வினாக்களைக் குறித்தால் போதும். பிறகு அளவைக் கருதாமல் ஒரு படி எழுதலாம். அதைச் சில நாள் ஒதுக்கி வைத்து, மீண்டும் எடுத்து, பாதியாகக் குறைக்க வேண்டும். பெரும்பாலான படிகளில் உண்மையான தொடக்கம் இரண்டாம் பத்தியிலோ மூன்றாம் பத்தியிலோ மறைந்திருக்கும். அதற்கு முன்னுள்ளவற்றை அஞ்சாமல் நீக்கலாம். இறுதியில் உரக்கப் படித்தல் வேண்டும். நாவுக்கு வராத தொடர் பெரும்பாலும் மாணாக்கரின் சொந்தத் தொடராக இராது.

வீட்டில் தமிழ் பேசும் மாணாக்கர் தம் அனுபவத்தை முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது பயன் தரும். நிகழ்ந்தது நிகழ்ந்தவாறு அப்போதுதான் வெளிவரும். ஆனால் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தல் கூடாது. பொருளை மனத்தில் இருத்திக்கொண்டு, ஆங்கிலத்தில் புதிதாக எழுத வேண்டும்.

ஆசிரியர் சிவப்பு மையை எடுத்துத் தம் நடையில் திருத்தத் தொடங்கினால், கட்டுரை மெருகு பெறலாம். மாணாக்கர் அதிலிருந்து மறைந்துவிடுவார். எழுத்துப் பிழையைச் சுட்டலாம்; பொருள் விளங்காத இடத்தில் கோடிடலாம். அதற்கு மேல் அவர் கையாளத் தக்க கருவி கேள்வியே. “பிறகு என்ன நடந்தது? ஏன் அப்படி எண்ணினாய்? எண்ணியது தவறு என்று எப்போது தெரிந்தது?” இம்மூன்று கேள்விகளும் பக்கம் பக்கமான திருத்தங்களைவிட மிகுதியாக உதவும்.

இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பலவற்றைப் பொறுத்தவை. எத்துணை நல்ல கட்டுரையும் உறுதி தர இயலாது. ஆயினும் தனக்குள் எழுந்த வினா எது, அதற்காகத் தான் என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதைப் பதினெட்டு வயதில் ஒரு முறை நேர்மையாக எழுதிப் பார்த்த மாணாக்கர், தம்மைப் பற்றி முன்பு அறியாத ஒன்றை அறிந்துகொள்கிறார். அவர் எந்தக் கல்லூரிக்குச் சென்றாலும் அது அவருடன் செல்லும். அந்த ஓலை முதலில் தமிழாசிரியரின் மேசைக்கு வரும்போது, அதைத் திருத்தித் தருவதைக் காட்டிலும் அதை எழுதியவரைப் பேசச் செய்வதே அவர் ஆற்றும் பெரும் உதவியாகும்.